கைக்கு வசதியான சுருதி

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் மருமகளான உன் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். அண்ணிக்கு முழங்கால் வலி. நாக்கு மட்டும் பழைய பலத்தோடு இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "விடுங்கண்ணா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இதை விடுவதாக இல்லை. அதனால்தான் கடிதம்.

என்னை பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் தொடங்கி, நான் பெயர் வைத்த பேண்டு. முப்பது வருடத்தில் நான் பேஸ் கிடார் வாசித்தது நான்கு பேண்டுகளில். முதலாவது கலைந்ததற்குக் காரணம் கிடார்காரனின் கல்யாணம். இரண்டாவது கலைந்ததற்கு அவனுடைய விவாகரத்து. மூன்றாவதில் பாடகன் ஸ்பீக்கர்களை வீட்டுக்கு எடுத்துப் போனவன் இன்றுவரை திரும்பவில்லை. இது நான்காவது.

போன ஞாயிறு, டயர் கடை மாடியில் பயிற்சி. கீபோர்டு வாசிப்பவனைத் தெரியுமல்லவா, கல்லூரியில் ஆய்வக உதவியாளன், எல்லோரும் புரொபசர் என்று கூப்பிடுவோமே, அவன் ஆரம்பித்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. புதுக் கீபோர்டுல பேஸ் இடது கையிலயே வந்துடுது. ஸ்டேஜ்லயும் கொஞ்சம் இடம் மிச்சம்."

"அப்ப நான்?"

"நீங்க எப்பவும் நம்ம ஆளுதான் சார். முன் வரிசைல ஒரு சீட் உண்டு."

முப்பது வருடத்துக்குப் பதிலாக ஒருவனுடைய இடது கை! கையெழுத்துப் போடக்கூட உதவாத கை.

இங்கே புதிதாக நகர மண்டபம் கட்டுகிறார்கள். நவம்பரில் திறப்பு. முதல் நாள் மாலை, மாவட்டத்தில் உள்ள அமெச்சூர் பேண்டுகளில் எட்டுக்கு மேடை தருகிறார்கள். இரண்டு பாட்டைப் பதிவு செய்து ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அந்த மேடையில் நான் ஏறுவேன். முன் வரிசையில் புரொபசர் உட்காரட்டும்.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உங்கள் மாப்பிள்ளைக்குச் சளி, உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் சளி பிடித்ததுபோல் படுத்திருக்கிறார். அண்ணியின் முழங்காலைப் படம் எடுத்தால் எனக்கு அனுப்புங்கள். எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடம் நின்றவளுக்கு ஒரு படம் பார்க்கவாவது தெரியும்.

"விடுங்கண்ணா" என்று இந்தத் தடவை சொல்லப் போவதில்லை. அந்த இடது கைக்காரரின் மீது எனக்கும் கோபம்தான். ஆனால் உங்களை மாதிரி முப்பது வருடக் கோபத்தையும் வரிசை பிசகாமல் அடுக்கி வைக்க எனக்கு வீட்டில் இடம் கிடையாது.

மண்டபத்து மேடையைப் பற்றி இங்கேயும் பேச்சிருக்கிறது. புது பேண்டு என்றால், பாடப் போவது யார்?

சனிக்கிழமை மாலையில் போன் செய்யாதீர்கள். எனக்கு வேலை இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் சளி இந்நேரம் உலகத்தை விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

புது பேண்டு அமைந்துவிட்டது, முக்கால் பங்கு. டிரம்ஸுக்கு டயர். ஆம், டயர் கடைக்காரரேதான். "சார் இல்லாத பேண்டுக்கு என் மாடி எதுக்கு?" என்று சாவியைக் கேட்டு வாங்கிவிட்டார். புரொபசர் கோஷ்டி இப்போது பயிற்சிக்கு இடம் தேடி அலைகிறது. எனக்கு அதில் சந்தோஷமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். கிடாருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர். நல்ல கை. யாரைப் பார்த்தாலும் பவரைச் சொல்லிவிடுவார், அதுதான் தொல்லை.

பாடகன்தான் கிடைக்கவில்லை. இதுவரை மூன்று பேரைப் பார்த்தேன். ஒருவர் வங்கியில் வேலை. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். நாங்கள் பாட்டை முடித்ததுகூடத் தெரியாமல் இன்னொரு சரணம் போகிறார். இரண்டாமவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். குரல் நன்று. ஆனால் தப்பு வந்தால் உடனே நிறுத்தி, மைக்கிலேயே "சாரி" என்கிறார். மூன்றாமவரைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது.

உனக்கு நினைவிருக்கும், முதல் பேண்டில் நீகூட இரண்டு கச்சேரியில் பாடினாய். குரலில் சத்தில்லாமல் போயிற்று. இல்லாவிட்டால் இன்று எனக்கு இந்த அலைச்சல் இல்லை.

உன் ஊரில் பாடுகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் எழுது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்திருக்கிறது, அதைப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணியின் படத்தைப் பார்த்தேன். பயப்பட எதுவுமில்லை. தேய்மானம்தான். மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பாடகர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் உங்களுக்குச் சரிப்பட்டு வரமாட்டார்கள்.

தங்கை

மே 18

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடைசிக் கடிதம் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு பாடகி கிடைத்தாள். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவதைக் கேட்டு, சட்டைப் பித்தான் தைக்கக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். என்ன குரல்! மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நேற்று எழுந்து போய்விட்டாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், தப்பு யாருடையது என்று நீயே சொல்.

"சார், ரெண்டு கட்டை ஏத்திக்குடுங்க. கீழ இறங்குற இடத்துல எனக்குக் குரலே வரல" என்றாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். இந்தப் பாட்டை நாங்கள் இருபது வருடமாக ஈ (E) சுருதியில்தான் வாசிக்கிறோம். வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள ஏ (A) தரலாம் என்றேன்.

"ஏ-வுல மேல போனா கத்தலா இருக்கு சார். நடுவுல ஒண்ணும் இல்லியா?"

"அம்மா, பேண்டுன்னா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. ஆளாளுக்கு மாத்திக்கிட்டே இருக்க முடியாது. பழகப் பழக வந்துடும்."

"முப்பத்தாறு இஞ்சு இடுப்புக்கு முப்பதுல தச்சுக் குடுத்துட்டு, போடப் போடப் பழகிடும்னு நான் சொன்னா நீங்க ஒத்துப்பீங்களா?"

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. குரலில் சத்திருந்தால் எந்தச் சுருதியிலும் நிற்கும் என்று சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"உங்க கை சௌகரியத்துக்கு என் தொண்டைய அறுக்காதீங்க சார்."

படியிறங்கிப் போய்விட்டாள். டயர் என்னைப் பார்க்காமல் டிரம்ஸின் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். அதில் எதுவும் தளர்ந்திருக்கவில்லை.

பதிவுக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. விடமாட்டேன்.

அண்ணன்

ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? பதில் வராமலே மறுபடி எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு தப்பாக வந்தால் நாங்கள் தண்ணீரைக் குறை சொல்வதில்லை. முதலில் கருவியைச் சோதிப்போம். இருபத்தெட்டு வருடமாக நான் செய்யும் வேலை அதுதான். போன வாரம் என் பாட்டு நோட்டை எடுத்தேன். நான்கு பேண்டுகளில் வாசித்த பாட்டுகள், மொத்தம் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருதி எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்று ஈ. இருபத்தொன்று ஏ. வேறு எதுவுமே இல்லை.

பாடியவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒன்பது தொண்டைக்கும் அதே இரண்டு சுருதி.

காரணம் எளிது. பேஸ் கிடாரில் தடித்த தந்தி ஈ, அடுத்தது ஏ. விரலே வைக்காமல் தட்டினால் போதும், சுருதி தானாக நிற்கும். இடது கைக்கு ஓய்வு. இருபத்திரண்டு வயதில் கற்றுக்குட்டியாக அப்படித் தொடங்கினேன். பிறகு அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உன் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு வரி பாடச் சொன்னேன்.

"கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னப் பாடச் சொல்றீங்க. அதுவும் சோதனைக்கு" என்றாள்.

ஈ-யில் பாடினாள். பாதி வரி காணாமல் போயிற்று. இரண்டு கட்டை ஏற்றி, ஜி ஷார்ப்பில் வாசித்தேன். அடுப்படியிலிருந்து வருகிற அதே குரல், என்னைத் திட்டுகிற அதே முழுக் குரல், வெளியே வந்தது.

தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கோபமில்லை என்றாள். ஆனால் பள்ளிச் சீருடை தைக்கும் காலம், செப்டம்பர் வரை தலை நிமிர முடியாதாம்.

முதல் பேண்டில் உனக்குக் கொடுத்த பாட்டுகளையும் நோட்டில் பார்த்தேன். நான்கு பாட்டு. நான்கும் ஈ. அப்போது உனக்குப் பதினேழு வயது. மூன்றாவது கச்சேரி அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னது என்ன என்பது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "உன் குரல்ல சத்தே இல்ல, நீ போய் வாசல்ல டிக்கெட் கிழி." நீ போய்க் கிழித்தாய்.

குரலில் ஒரு குறையும் இருந்திருக்காது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தண்ணீர், கருவி என்று சுற்றி வந்தேன்.

நவம்பரில் அந்த மேடையில் நீ பாடுவாயா? சுருதி நீ சொல்வது.

அண்ணன்

ஜூலை 21

தங்கைக்கு,

நீ நலம் என்று அண்ணியிடம் போனில் சொன்னாயாம். ஆகவே என் கடிதம் தபாலில் தொலையவில்லை.

உன்னை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. ஒரு செய்தி மட்டும். தினமும் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன். பழைய பாட்டுகளை ஜி ஷார்ப், ஏ ஷார்ப், எஃப் என்று எல்லாவற்றிலும். ஜி ஷார்ப்பில் நாலு தந்தியில் மூன்றை விரல் வைக்காமல் தொடவே முடியாது. சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. அண்ணி எண்ணெய் தேய்க்கிறாள், திட்டிக்கொண்டே. ஐம்பத்திரண்டு வயதில் கை புதிதாகக் கற்கிறது. மெதுவாகத்தான், ஆனால் கற்கிறது.

அண்ணன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் சுண்டுவிரலை வெந்நீரில் வையுங்கள். வீக்கம் வடியும்வரை இரண்டு மணி நேரத்தை ஒரு மணியாகக் குறையுங்கள்.

நீங்கள் ஜூனில் கண்டுபிடித்தது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

சனிக்கிழமை எனக்கு வேலை என்று எழுதினேன் அல்லவா? நான் ஒரு பேண்டில் பாடுகிறேன். ஒன்பது வருடமாக. எங்கள் தலைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், டிரம்ஸ் வாசிப்பார். வேனக்கா என்போம். உங்கள் மருமகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக வந்தவர், நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே பாடியதைக் கேட்டுக் கூப்பிட்டார். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க சுருதி என்னங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு முன் யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர் கீபோர்டுக்காரரைச் சுருதியை ஒவ்வொரு படியாக ஏற்றச் சொன்னார். ஓர் இடத்தில் என் குரல் எனக்கே கேட்டது. முப்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் நின்று அழுதேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் மீது ஆத்திரம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் கேட்க வருவீர்கள். வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து தப்பை மட்டும் எண்ணுவீர்கள்.

இன்னொன்றையும் மறைத்தேன். நவம்பர் மேடைக்கு எங்கள் பேண்டும் விண்ணப்பித்தது. முதலில் அனுப்பியவர்களுக்கு ஜூலையிலேயே இடம் உறுதியாகிவிட்டது. உங்கள் பழைய பேண்டுக்கும் கிடைத்திருக்கிறது, இடது கையோடு.

ஆகவே உங்கள் பேண்டில் நான் பாடமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு ஒரு பேண்டு இருக்கிறது.

இரண்டு வாரம் முன்னால் எங்கள் பேஸ்காரருக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அன்றிலிருந்து யோசித்தேன். 23ஆம் தேதி சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆள் எடுக்கிறோம். இதுவரை ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் உங்களைவிடச் சின்னவர்கள். வருபவர்கள் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், சுருதியை நாங்கள் அந்த இடத்தில்தான் சொல்வோம். பிறகு மீதமிருக்கும் ஐந்து பேரும் கை தூக்குவோம். என்னையும் சேர்த்து.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

தங்கை

ஆகஸ்ட் 14

அன்புத் தங்கைக்கு,

நலம். வீக்கம் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று நாள் லேப் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். முதல் நாள் உனக்கு ஒரு பதில் எழுதினேன். ஆறு பக்கம். ஒன்பது வருடம் சொந்த அண்ணனுக்குத் தெரியாமல், என்று தொடங்கியது. இரண்டாம் நாள் படித்துப் பார்த்தேன். ஆறு பக்கத்திலும் நான்தான் இருந்தேன். கிழித்துவிட்டேன். கிழிக்கும்போது அந்த டிக்கெட் மேசை நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி வேறொன்றும் எழுதப் போவதில்லை.

டயரிடம் சொன்னேன். பேண்டு தொடங்கிய நானே அதை விட்டு வேறிடத்தில் வரிசையில் நிற்பதா என்று கேட்பார் என நினைத்தேன்.

"போங்க சார். நமக்குப் பாட ஆளில்ல, கண்ணாடிக்காரர் ஆடி மாசத்துத் தள்ளுபடில பிஸி. எனக்கு ரெண்டு கை ரெண்டு கால் இருக்கு, நான் தனியாவே சத்தம் போட்டுப்பேன்."

"தேறலன்னா?"

"தேறலன்னா பஸ் ஏறி வாங்க. மாடி எங்கயும் ஓடிடாது."

முப்பது வருடத்தில் என்னை யாரும் சோதித்து எடுத்ததில்லை. எப்போதும் நான்தான் மற்றவர்களைச் சோதித்தேன். சோதித்து, அனுப்பினேன். ஆகவே இது எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக வராமல் இருக்கமாட்டேன்.

மூன்று வேண்டுகோள். நான் உன் அண்ணன் என்று வேனக்காவிடம் சொல்லாதே. வரிசையில் எனக்கு என்ன இடமோ அந்த இடத்தில் கூப்பிடு. கை தூக்கும்போது காதுக்குப் பிடித்தால் மட்டும் தூக்கு.

அண்ணன்

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? போன் செய்யாமல் இன்று காலையே எழுதுகிறேன். போனில் சொன்னால் விட்டுவிடுவோம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

வேனக்கா உங்களைப் பார்த்ததுமே, "இவரு மூக்கு உன் மூக்கு மாதிரியே இருக்கே" என்றார். ஆஸ்பத்திரியில் தினம் நூறு மூக்கைப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரிதான் என்றேன்.

முதல் பாட்டு முழுக்க நீங்கள் தந்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவதில் பாதியிலேயே வேனக்கா சுருதியை ஒரு படி ஏற்றச் சொன்னபோது நீங்கள் நிறுத்தாமல் கூடவே ஏறிவிட்டீர்கள். மற்ற ஐந்து பேரும் அந்த இடத்தில் நின்றுபோனவர்கள்.

கை தூக்க வேண்டியவர்கள் ஐந்து பேர். நாலு கை உயர்ந்தது, அது போதும். உங்களை எடுத்தாகிவிட்டது. நவம்பரில் எங்களோடு மேடை ஏறுகிறீர்கள்.

தூக்காத கை என்னுடையது.

காதுக்குப் பிடித்தால் மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவது பாட்டில், சரணம் ஆரம்பிக்கும் முன் நான் மூச்சு எடுக்கிறேன். நீங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. எனக்கு முன்னால் போய்விட்டீர்கள். மற்ற இரண்டு பாட்டும் நன்றாக இருந்தன, அதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேனக்கா, "இவ்வளவு கறாரா இருக்கியே, பாவம் பெரியவரு" என்றார். அப்போதுதான் நீங்கள் எனக்கு யார் என்று சொன்னேன். உடனே அவர் வேன் சாவியைத் தேடும் பாவனையில் எழுந்து போய்விட்டார்.

அடுத்த பயிற்சி சனிக்கிழமை நான்கு மணி. இரவு இங்கேயே தங்கலாம்.

அன்புத் தங்கை

ஆகஸ்ட் 27

அன்புத் தங்கைக்கு,

நலம். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். அண்ணிக்கு உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தூக்காத கை வரும் இடத்தில் இரண்டு தடவையும் சிரித்தாள்.

மூன்றாவது பாட்டில் நான் காத்திருக்கவில்லை என்பது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ மூச்சு எடுக்க வேண்டிய இடம் அது அல்ல. அதற்கு முந்தைய வரியின் முடிவிலேயே எடுத்திருக்க வேண்டும். எப்படி என்று வாசித்துக் காட்டுகிறேன்.

நாலு மணிக்கு மற்றவர்கள் வந்துவிடுவார்கள். நான் மூன்று மணிக்கே வருகிறேன். சண்டையை அதற்குள் முடித்துவிடலாம்.

அண்ணன்